ஜனாதிபதி வேட்பாளர் யார்? காங்கிரசை உடைத்த கேள்வி

வில்லியனூர் பக்கத்தில் கீழூர் என்று ஒரு சின்ன ஊர்.

1954-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி அந்த ஊர் பரபரப்பாக இருந்தது. மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடினார்கள். "பிரெஞ்சு ஆட்சியிலேயே இருப்பதா, இந்தியாவுடன் சேருவதா?" இதுதான் கேள்வி. ரகசிய ஓட்டு. எண்ணிப் பார்த்தார்கள். சேர வேண்டும் என்று 170 பேர். வேண்டாம் என்று 8 பேர். அடுத்த மாதம் 1-ந் தேதி பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீழூரில் பொதுமக்கள் நேராக ஓட்டுப் போடவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆட்கள், அவர்கள் சார்பில் போட்டார்கள்.

இந்தியாவின் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதும் இதே முறையில்தான். ஆனால் இப்படி ஒரு தேர்தலை நடத்திக் காட்டிய புதுவைக்கு, ஜனாதிபதி தேர்தலில் சட்டசபை ஓட்டு வெகு காலம் இல்லை! 1997-ல்தான் முதன் முதலாகப் போட்டார்கள்.

அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் பாகூர்ப் பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பெரியவர் கேட்ட கேள்வி

பாகூர் ஏரிக்கரைப் பக்கம் போயிருந்தேன். டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர். பேரன் பேப்பரை வாசிக்க, அவர் கேட்டுக் கொண்டிருந்தார். நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நம்ம ஊருக்குக் கவர்னரை அனுப்புறது ஜனாதிபதிதானே?"

"ஆமாங்க அய்யா."

"அந்த ஜனாதிபதியை யாரு அனுப்புறது?"

எளிமையான கேள்வி. ஆனால் அரசியல் சட்டப் புத்தகம் முழுவதும் அதில் அடங்கி விடுகிறது.

பாராளுமன்றத்தில் தேர்தல் மூலம் வந்த எம்.பி.க்களும், சட்டசபைகளில் தேர்தல் மூலம் வந்த எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போட்டு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இது சட்டம். ஆனால் யார் பெயரை ஓட்டுச் சீட்டில் அச்சடிப்பது? யாருக்குப் போடுவது? அதைப் பெரும்பாலும் கட்சிதான் தீர்மானிக்கிறது. கட்சியிலும் எல்லாரும் இல்லை. ஒரு மேஜையைச் சுற்றி உட்காரும் ஏழெட்டுப் பேர்.

ஆகவே பெரியவருக்கு நேர்மையான பதில் இதுதான்: "அந்த ஏழெட்டுப் பேர் அனுப்புகிறார்கள் அய்யா. பிறகுதான் ஓட்டு."

"அவரு கையெழுத்துப் போடுறவருதானே? யாரா இருந்தா என்ன?" என்றார் பெரியவர்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் முதல்-மந்திரியை நியமிப்பது கவர்னர். புதுவையில் அப்படி இல்லை. புதுவை யூனியன் பிரதேசம். இங்கே முதல்-மந்திரியையே ஜனாதிபதிதான் நியமிக்கிறார். துணைநிலை கவர்னரை நியமிப்பதும் அவர். சட்டசபை மசோதாவைக் கவர்னர் நிறுத்தி வைத்து டில்லிக்கு அனுப்பினால், முடிவு சொல்வதும் அவர். சட்டசபை கலைக்கப்பட்டோ முடக்கப்பட்டோ இருந்தால், புதுவைக்கு வேண்டிய சட்ட விதிகளை ஜனாதிபதியே போடலாம். மத்திய மந்திரிகள் சொல்கிறபடி செய்கிறார் என்பது உண்மை. ஆனாலும் கையெழுத்து அவருடையது.

அந்தக் கையெழுத்துக்காக ஒரு முறை இந்தியாவின் மிகப் பெரிய கட்சியே இரண்டாக உடைந்தது.

நாற்காலி காலி

1969-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி. ஜனாதிபதி டாக்டர் ஜாகீர் உசேன் காலமானார். பதவியில் இருக்கும்போதே இறந்த முதல் ஜனாதிபதி அவர். துணை ஜனாதிபதி வி.வி.கிரி தற்காலிகமாக அந்தப் பொறுப்பை ஏற்றார்.

அப்போது மத்தியில் காங்கிரஸ் ஆட்சி. பிரதம மந்திரி இந்திரா காந்தி. ஆனால் பழைய காங்கிரஸ் அல்ல அது. 1967 தேர்தலில் பலத்த அடி விழுந்திருந்தது. பாராளுமன்றத்தில் 520 இடங்களில் 283 இடங்கள்தான். சென்னையில் தி.மு.க. ஆட்சி. புதுவையிலும் 1969 மார்ச் மாதம் தி.மு.க. ஆட்சிக்கு வந்திருந்தது. பரூக் முதல்-மந்திரி.

கட்சிக்குள்ளே நிலைமை இன்னும் மோசம். ஒரு பக்கம் இந்திரா காந்தி. இன்னொரு பக்கம் பழைய பெருந்தலைவர்கள்: காமராஜர், கட்சித் தலைவர் நிஜலிங்கப்பா, பம்பாய் எஸ்.கே.பட்டீல் ஆகியோர். இவர்களைப் பத்திரிகைகள் "சிண்டிகேட்" என்று எழுதின. துணைப் பிரதமர் மொரார்ஜி தேசாயும் இவர்களோடு நெருக்கம்.

1966-ல் சாஸ்திரி மறைந்தபோது, இந்திரா காந்தியைப் பிரதமராக்க முன்நின்றவரே காமராஜர்தான். அப்போது மொரார்ஜி போட்டியிட்டு 169 ஓட்டு வாங்கித் தோற்றார். இந்திராவுக்கு 355. மூன்றே வருடத்தில் காமராஜரும் மொரார்ஜியும் ஒரே பக்கம். எதிர்ப் பக்கத்தில் இந்திரா. அரசியலில் மூன்று வருடம் என்பது நீண்ட காலம்.

பெங்களூரில் எடை போட்டார்கள்

ஜுலை மாதம் பெங்களூரில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி கூடியது. அதோடு சேர்ந்து கட்சியின் பார்லிமெண்டரி போர்டும் கூடியது. அந்தப் போர்டுதான் வேட்பாளரைத் தீர்மானிக்க வேண்டும். நான் சொன்ன மேஜை இதுதான்.

அடிபட்ட பெயர்கள் மூன்று.

முதல் பெயர் நீலம் சஞ்சீவரெட்டி. ஆந்திராவில் அனந்தப்பூர் மாவட்டத்துக்காரர். ஆந்திரப் பிரதேசத்தின் முதலாவது முதல்-மந்திரி. அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்தவர். அப்போது லோக்சபை சபாநாயகர். நிர்வாகம் தெரிந்தவர், சபையை நடத்தத் தெரிந்தவர் என்பதெல்லாம் சரி. ஆனால் அவர் சிண்டிகேட்டுக்கு வேண்டியவர் என்பதும் ஊருக்கே தெரியும்.

இரண்டாவது பெயர் ஜெகஜீவன்ராம். பீகாரில் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். சுதந்திரத்துக்கு முன்பே, 1946 இடைக்கால மந்திரி சபையிலேயே மந்திரியானவர். 1969-ல் உணவு, விவசாய மந்திரி. புதிய நெல், கோதுமை விதைகள் வயல்களுக்கு வந்து விளைச்சல் கூடிய காலம் அது. வயலோடு பழகிய பாகூர்ப் பக்கத்து மூத்தவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும்.

மூன்றாவது வி.வி.கிரி. துணை ஜனாதிபதியை ஜனாதிபதியாக்குவது அதற்கு முன் இரண்டு முறை நடந்த வழக்கம். ராதாகிருஷ்ணன் அப்படி வந்தார். ஜாகீர் உசேனும் அப்படித்தான் வந்தார். கிரி தொழிற்சங்கத் தலைவர். 1954-ல் பாங்கு ஊழியர் சம்பளத் தீர்ப்பைச் சர்க்கார் மாற்றியபோது, மத்திய தொழிலாளர் துறை மந்திரி பதவியையே உதறி விட்டு வந்தவர். அந்தப் பிடிவாதமே சிலருக்குப் பிடித்தது, சிலருக்குப் பயமாக இருந்தது.

போர்டில் இந்திரா காந்தி ஜெகஜீவன்ராமின் பெயரை முன்வைத்தார். அந்த ஆண்டு காந்தியடிகளின் நூற்றாண்டு. தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒருவர் ஜனாதிபதி ஆவதற்கு அதை விடப் பொருத்தமான ஆண்டு வேறு எது?

வாதம் நல்ல வாதம். ஆனால் யாரும் அதை எடுத்துக் கொள்ளவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது. காமராஜர், மொரார்ஜி, எஸ்.கே.பட்டீல், உள்துறை மந்திரி சவான் ஆகியோர் சஞ்சீவரெட்டி பக்கம். இந்திராவும் பக்ருதீன் அலி அகமதுவும் எதிர்ப் பக்கம். சவான் அந்தப் பக்கம் போவார் என்று இந்திரா எதிர்பார்க்கவில்லை என்பார்கள். பிரதம மந்திரி தன் கட்சி மேஜையிலேயே தோற்றுப் போனார்.

இங்கே என் கருத்தைச் சொல்லி விடுகிறேன். அன்று பெங்களூரில் தராசு இருந்தது, ஆனால் எடைக்கல் சரியில்லை. "நாட்டுக்கு யார் நல்லவர்?" என்று யாரும் நிறுக்கவில்லை. "நாளைக்கு நெருக்கடி வந்தால் இவர் யார் பக்கம் நிற்பார்?" என்றே இரண்டு தரப்பும் நிறுத்தார்கள். சஞ்சீவரெட்டி வந்தால், சமயம் பார்த்துத் தன்னைப் பதவியில் இருந்து இறக்கி விடுவார்களோ என்ற பயம் இந்திராவுக்கு. மந்திரி சபை சொல்கிறபடிதான் ஜனாதிபதி நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் பளிச்சென்று எழுதப்பட்டது 1976-ல்தான். 1969-ல் அந்த இடம் கொஞ்சம் மங்கலாக இருந்தது. ஆகவே அந்தப் பயம் வீண் பயம் என்று தள்ள முடியாது.

ஜெகஜீவன்ராமின் பெயரோ, சீட்டாட்டத்தில் போடுகிற துருப்புச் சீட்டைப் போல வந்தது. வெட்டுப்பட்டதும் ஒதுக்கி வைத்து விட்டார்கள். எனக்கு வருத்தம் தருவது அதுதான்.

ஒரு வாரத்தில் நடந்தவை

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன.

ஜுலை 16: மொரார்ஜியிடம் இருந்து நிதி இலாகாவை இந்திரா எடுத்துக் கொண்டார். மொரார்ஜி விலகினார். ஜுலை 19: நாட்டின் 14 பெரிய பாங்குகளைச் சர்க்கார் எடுத்துக் கொள்ள அவசரச் சட்டம் வந்தது. அதில் கையெழுத்திட்டவர் யார் தெரியுமா? தற்காலிக ஜனாதிபதி கிரி! மறுநாளே, ஜுலை 20-ந் தேதி, கிரி பதவியை விட்டு விலகி, சுயேச்சையாகப் போட்டியில் குதித்தார்.

ஜனாதிபதியும் இல்லை, துணை ஜனாதிபதியும் இல்லை. சுப்ரீம் கோர்ட்டு தலைமை நீதிபதி இதயத்துல்லாவைக் கூப்பிட்டுத் தற்காலிக ஜனாதிபதியாக உட்கார வைத்தார்கள். சபாநாயகர் பதவியை சஞ்சீவரெட்டியும் விட்டார்.

ஒரு வினோதம். சஞ்சீவரெட்டியின் வேட்பு மனுவை முன்மொழிந்து கையெழுத்திட்டவர் இந்திரா காந்தியே. கட்சி முடிவாயிற்றே! ஆனால் கையெழுத்திட்ட பிறகு அவருக்காக ஓட்டுக் கேட்கவில்லை.

எதிர்க் கட்சிகளில் ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும் முன்னாள் நிதி மந்திரி சி.டி.தேஷ்முக்கை நிறுத்தின. தி.மு.க.வும் கம்யூனிஸ்டுகளும் கிரியை ஆதரித்தார்கள். காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா ஜனசங்கம், சுதந்திராக் கட்சித் தலைவர்களைச் சந்தித்தார். "முதல் ஓட்டு உங்கள் ஆளுக்கு, இரண்டாவது ஓட்டையாவது எங்கள் ஆளுக்குப் போடுங்கள்" என்பது கோரிக்கை. இந்திரா தரப்புக்கு இது நல்ல ஆயுதமாகக் கிடைத்தது. கொள்கை எதிரிகளோடு பேரம் பேசி விட்டார்கள் என்றார்கள். ஜெகஜீவன்ராமும் பக்ருதீனும் "எங்களைச் சுதந்திரமாக ஓட்டுப் போட விடுங்கள்" என்று கேட்டார்கள். கடைசியில் ஒரு புதுச் சொல் பிறந்தது: மனசாட்சி ஓட்டு!

தானே முன்மொழிந்த வேட்பாளரைக் கைவிட்டு விட்டு மனசாட்சியின் பேரைச் சொல்வது நியாயமா? இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பிரதம மந்திரியின் கழுத்தில் பிடிக்காத ஆளைக் கட்டுவதும் நியாயம் இல்லை. பெண்ணைக் கேட்காமல் நிச்சயம் செய்த கல்யாணம் போலத்தான் அது. பெரியவர்கள் தாம்பூலம் மாற்றி விட்டார்கள். முகூர்த்தத்தன்று பெண் வரவில்லை.

இரண்டாவது ஓட்டு என்றால் என்ன?

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். டீக்கடைப் பேரனுக்கும் இது புரியவில்லை.

அம்மா பையனைக் கடைக்கு அனுப்புகிறாள். "பொன்னி இருந்தால் வாங்கு. இல்லை என்றால் ஐ.ஆர். அரிசி வாங்கு" என்று சொல்லி அனுப்புகிறாள். பொன்னி கிடைக்கவில்லை என்பதற்காகப் பையன் வெறும் பையோடு வர மாட்டான். ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுச் சீட்டு அந்த மாதிரி. பிடித்த வேட்பாளருக்கு 1 என்று எழுத வேண்டும். அடுத்தவருக்கு 2. மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் யாராவது வாங்கினால் சரி. யாரும் வாங்காவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கி விட்டு, அவருடைய சீட்டுகளில் 2 யாருக்கு இருக்கிறதோ அவருக்குச் சேர்ப்பார்கள். முடிவு வரும் வரை இப்படியே.

இன்னொரு விஷயம். எல்லாருடைய ஓட்டுக்கும் ஒரே மதிப்பு இல்லை. எம்.எல்.ஏ.யின் ஓட்டு மதிப்பு, அவர் மாநிலத்தின் ஜனத்தொகையைப் பொறுத்தது. ஜனத்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதை மறுபடி ஆயிரத்தால் வகுப்பார்கள்.

1969 ஆகஸ்டு 16-ந் தேதி ஓட்டுப்பதிவு. 20-ந் தேதி எண்ணினார்கள். நாடே ரேடியோப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தது. வேட்பாளர்கள் 15 பேர். ஜெயிக்க வேண்டிய அளவு 4,18,169.

முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515. சஞ்சீவரெட்டிக்கு 3,13,548. தேஷ்முக்குக்கு 1,12,769. கிரி முன்னால் இருந்தார். ஆனால் கோட்டைத் தொடவில்லை. இரண்டாவது ஓட்டுகளை எண்ணத் தொடங்கினார்கள். தேஷ்முக்கின் சீட்டுகளில் பெரும்பாலும் ரெட்டிக்கே போயின. இடைவெளி குறைந்து கொண்டே வந்தது. எண்ணி முடித்தபோது கிரி 4,20,077. ரெட்டி 4,05,427.

வித்தியாசம் 14,650. பெரிய எண் போலத் தெரிகிறது. ஆனால் அன்று ஒரு எம்.பி.யின் ஓட்டு மதிப்பு 576. பதின்மூன்று எம்.பி.க்கள் மாற்றிப் போட்டிருந்தால், ரெட்டி 326 ஓட்டு முன்னால் போயிருப்பார்!

அன்று புதுவையில் என்ன?

ஆகஸ்டு 16 என்ற தேதியைப் புதுவைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். 1962-ல் அதே தேதியில்தான் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. கீழூரில் ஆண்டுதோறும் அன்று கொடி ஏற்றி வணக்கம் செலுத்துகிறார்கள்.

ஏழு வருடம் கழித்து அதே தேதி. நாடு முழுவதும் எம்.எல்.ஏ.க்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுக் கொண்டிருந்தார்கள். புதுவை எம்.எல்.ஏ.க்கள் 30 பேரும் வேடிக்கை பார்த்தார்கள். புதுவையின் எம்.பி.க்களுக்கு ஓட்டு உண்டு. எம்.எல்.ஏ.க்களுக்கு இல்லை. மாநிலச் சட்டசபைக்குத்தான் ஓட்டு, யூனியன் பிரதேசச் சட்டசபைக்கு இல்லை என்பது அன்றைய சட்டம்.

ஓட்டு இருந்திருந்தால்? 1961 கணக்குப்படி புதுவையின் ஜனத்தொகை ஏறத்தாழ 3 லட்சத்து 69 ஆயிரம். ஒரு எம்.எல்.ஏ.க்கு மதிப்பு 12 வரும். முப்பது பேருக்கும் சேர்த்து 360. இப்போது மேலே சொன்ன 326-ஐ நினைத்துப் பாருங்கள். வெறும் கணக்கு விளையாட்டுதான். ஆனால் "சின்ன ஊர் ஓட்டு, எங்கே எடுபடப் போகிறது" என்று பேசுகிறவர்களுக்குச் சொல்லி வைக்கலாம்.

ஓட்டுக்காகக் காத்திருப்பது இந்தக் கிராமங்களுக்குப் புதிதும் அல்ல. கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தல் 1968-ல் நடந்தது. அதற்கு அடுத்த தேர்தல் 2006-ல்! முப்பத்தெட்டு வருடம். முதல் தேர்தலில் ஓட்டுப் போட்டவர், அடுத்ததற்குப் பேரப் பிள்ளைகளோடு போனார்.

உடைந்த பிறகு

1969 ஆகஸ்டு 24-ந் தேதி கிரி பதவி ஏற்றார். நவம்பர் 12-ந் தேதி இந்திரா காந்தியைக் கட்சியில் இருந்து நீக்கினார்கள். காங்கிரஸ் இரண்டானது. காமராஜர் பழைய காங்கிரசில் நின்றார். 1971 தேர்தலில் இந்திராவின் காங்கிரஸ் 352 இடம் பிடித்தது.

மேஜையைச் சுற்றி இருந்தவர்களுக்குப் பிறகு என்ன ஆயிற்று? அதுதான் கதையில் ருசியான பகுதி.

மனசாட்சி ஓட்டில் ஜெயித்த கிரிக்கு, 1974-ல் மறுபடியும் வாய்ப்புக் கொடுக்கவில்லை. இந்திரா காந்தி தேர்ந்தெடுத்தது பக்ருதீன் அலி அகமதுவை. பெங்களூரில் அவர் பக்கம் கை தூக்கியவர். 1975 ஜுன் 25-ந் தேதி இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தை நீட்டினார்கள். பக்ருதீன் கையெழுத்திட்டார். "யாரா இருந்தா என்ன?" என்ற பெரியவரின் கேள்விக்கு, இதை விடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

1977 பிப்ரவரியில் பக்ருதீனும் பதவியில் இருக்கும்போதே இறந்தார். தேர்தலில் ஜனதாக் கட்சி ஜெயித்தது. அது யாரை ஜனாதிபதியாக்கியது? தோற்றுப் போன சஞ்சீவரெட்டியை! 37 பேர் மனு கொடுத்தார்கள். 36 மனுக்கள் தள்ளுபடி ஆயின. போட்டியே இல்லாமல் ரெட்டி ஜனாதிபதி ஆனார்.

கதை இன்னும் முடியவில்லை. 1977-ல் ஜெகஜீவன்ராமும் இந்திராவை விட்டு வந்து ஜனதாவோடு சேர்ந்திருந்தார். 1979-ல் மொரார்ஜி மந்திரி சபை கவிழ்ந்தது. சரண்சிங் பிரதமர் ஆனார். சபையைச் சந்திக்காமலே அவரும் ராஜினாமா செய்தார். ஜனதாவின் தலைவராக அப்போது இருந்தவர் ஜெகஜீவன்ராம். "என்னை அழையுங்கள், பெரும்பான்மையைக் காட்டுகிறேன்" என்பது அவர் கோரிக்கை. ஜனாதிபதி மாளிகையில் உட்கார்ந்திருந்தவர் சஞ்சீவரெட்டி. பத்து வருடத்துக்கு முன் பெங்களூரில் இவருக்கு எதிராகத்தான் ஜெகஜீவன்ராமின் பெயர் வந்தது. ரெட்டி அவரை அழைக்கவில்லை. ஆகஸ்டு 22-ந் தேதி லோக்சபையைக் கலைத்து விட்டார்.

பழைய கசப்பு காரணமா? வேறு காரணங்களும் சொன்னார்கள். மனசுக்குள் புகுந்து பார்க்க யாரால் முடியும்? ஆனால் ஜெகஜீவன்ராம் கடைசி வரை ஜனாதிபதியும் ஆகவில்லை, பிரதமரும் ஆகவில்லை.

1997

புதுவைக்கும் டில்லிக்கும் ஜனாதிபதி தேர்தலில் ஓட்டு உண்டு என்று 1992-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். 70-வது திருத்தம் அது. இந்தப் பகுதி அமலுக்கு வந்தது 1995 ஜுன் 1-ந் தேதி. அதற்குள் தஞ்சைப் பக்கத்துத் தமிழர் ஆர்.வெங்கட்ராமன் 1987-ல் ஜனாதிபதியாகி, பதவிக் காலமும் முடிந்து போயிருந்தது. அந்தத் தேர்தலிலும் புதுவைச் சட்டசபைக்கு ஓட்டு இல்லை.

1997-ல் முதன் முதலாக வாய்ப்பு வந்தது. வேட்பாளர் யார்? கே.ஆர்.நாராயணன். கேரளத்தில் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில், வறுமையில் பிறந்து படித்து மேலே வந்தவர். எதிர்த்து நின்றவர் தேர்தல் கமிஷனராக இருந்து பேர் வாங்கிய டி.என்.சேஷன். நாராயணனுக்கு 9,56,290. சேஷனுக்கு 50,631.

இந்த முறை பெரிய கட்சிகள் எல்லாம் ஒரே பெயரில் ஒத்துப் போயின. 1969-ல் துருப்புச் சீட்டாக வந்து வெட்டுப்பட்ட எண்ணம், 28 வருடம் கழித்து நிறைவேறியது. புதுவைச் சட்டசபை போட்ட முதல் ஓட்டே அந்தத் தேர்தலில்தான்.

வில்லியனூர், பாகூர் சுற்று வட்டாரத்தில் ஊசுடு, திருபுவனை, ஏம்பலம், நெட்டப்பாக்கம் என்று நான்கு தனித் தொகுதிகள் இருக்கின்றன. இந்த ஊர்ச் சேரிகளில், "ஜனாதிபதியாக நம்மில் ஒருத்தர் வர முடியுமா?" என்று 1969-ல் யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

2002-ல் ராமேசுவரத்து அப்துல் கலாம். அவரை எதிர்த்தவரும் சென்னையில் பிறந்தவர்தான்: நேதாஜி படையில் இருந்த கேப்டன் லட்சுமி. அப்போதும் ஆளும் கூட்டணி நேராகக் கலாம் பெயருக்கு வந்து விடவில்லை. பி.சி.அலெக்சாண்டர், துணை ஜனாதிபதி கிருஷ்ணகாந்த் என்று பெயர்கள் அடிபட்டு, தட்டுப்பட்டு, கடைசியில்தான் கலாம். நல்ல பெயர்கள் சில சமயம் இப்படித்தான், மற்றப் பெயர்கள் விழுந்த பிறகு வருகின்றன. 2017-ல் ராம்நாத் கோவிந்த். 2022-ல் திரவுபதி முர்மு, பழங்குடி மக்களில் இருந்து வந்த முதல் ஜனாதிபதி. ஐந்து வருடக் கணக்கில் அடுத்த தேர்தல் 2027-ல்.

நம் பங்கு எவ்வளவு?

ஓட்டு மதிப்புக்கு 1971 ஜனத்தொகையை வைத்துத்தான் கணக்குப் பார்த்து வருகிறார்கள். அதன்படி தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்கு 176. உத்தரப் பிரதேசத்தில் 208. புதுவையில் 16. சிக்கிமில் 7. முப்பது பேருக்கு நம்முடையது 480. மத்திய சர்க்கார் நியமிக்கிற மூன்று எம்.எல்.ஏ.க்களுக்கு இந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை. ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களுக்கு மட்டுமே.

2022-ல் மொத்த ஓட்டு மதிப்பு பத்து லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல். அதில் 480 என்பது மூட்டை நெல்லில் ஒரு கைப்பிடி. ஆனால் இந்தத் தேர்தலில் கட்சிக் கொறடா உத்தரவு போட முடியாது. ரகசிய ஓட்டு. கட்சி சொன்னதை மீறி ஓட்டுப் போட்டாலும் பதவி போகாது. 1969-ல் பெரிய சண்டை போட்டு வாங்கிய மனசாட்சி ஓட்டு, சட்டப்படி எல்லாருக்கும் எப்போதும் இருக்கிறது!

இதை எல்லாம் பாகூர்ப் பெரியவருக்குச் சொல்லி முடித்தபோது டீ ஆறி விட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்டே இதையும் கேக்கலாம்ங்கிறே?"

"எதை அய்யா?"

"அடுத்த ஜனாதிபதிக்கு யாரை மனசுல வெச்சிருக்கே, ஏன்னு."

நானும் பல தேர்தல் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். ரோடு கேட்பார்கள், ரேஷன் அரிசி கேட்பார்கள், ஏரி தூர் வாரச் சொல்வார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பேரனுக்கு வேறு சந்தேகம். "ஓட்டுப் பெட்டி டில்லிக்கு எப்படிங்க போகும்?"

2022-ல் விமானத்தில் பெட்டிக்கென்று முன் வரிசையில் தனி சீட் போட்டார்கள். டிக்கெட்டும் வாங்கினார்கள். பயணியின் பெயர் என்ற இடத்தில் "திருவாளர் ஓட்டுப் பெட்டி" என்று இருந்தது. சொன்னதும் பையன் நம்பவில்லை. தாத்தா மட்டும், "நம்ம ஊரு ஓட்டு சீட்டுல உக்காந்தா போகுது?" என்று கேட்டு விட்டு, இன்னொரு டீ சொன்னார்.